நாய் வேஷம் போட்ட யு.எஸ்.பி.!

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போனால் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி அட்மிஷன் நேரத்தில் இந்தக் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. "அண்ணே, பாப்பாவோட மார்க் ஷீட் போன்ல இருக்கு. ரெண்டு காப்பி போட்டுத் தாங்க" என்று ஓர் அம்மா போனை நீட்டுவார். "குடுங்கக்கா" என்று கடைக்காரர் வாங்கி, மேஜை ஓரத்தில் தொங்கும் கேபிளைச் சொருகுவார். "அக்கா, லாக்கை எடுத்துட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்'னு வருதுல்ல, அதைத் தொடுங்க." தொட்டாயிற்று. அரை நிமிடத்தில் பிரின்ட் வந்துவிடும். பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடலாம்.

அந்த அரை நிமிடத்தில் கடையின் கம்ப்யூட்டருக்கு அந்த போனில் என்னென்ன உரிமைகள் இருந்தன? மார்க் ஷீட்டைப் படிக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஆதார் படத்தையும் படிக்கலாம். புதிதாக எதையாவது எழுதி வைக்கலாம். பேரன் தவழ்ந்த வீடியோவை அழிக்கவும் செய்யலாம். கேபிள் வழியாக போனிலிருந்து அழித்தது விண்டோஸின் குப்பைத் தொட்டிக்குப் போகாது. அழித்தது அழித்ததுதான். கடைக்காரர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், கேள்வி அவரைப் பற்றியதல்ல. காலையிலிருந்து நூறு பேரின் பென் டிரைவ்கள் சொருகப்பட்ட அந்த கம்ப்யூட்டரைப் பற்றியது.

படிக்க மட்டும் அனுமதித்து, எழுதவும் அழிக்கவும் கூடாது என்று சொல்ல முடியாதா? கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'ரீட் ஒன்லி' என்பார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், 'கூடாது' என்ற அந்த வார்த்தையை யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில் நின்று சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆடியோ கேசட் ஞாபகம் இருக்கும். அதன் முதுகுப் பக்கத்தில் இரண்டு ஓரங்களிலும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். பாட்டு பதிந்த பிறகு அவற்றை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியாது. டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தான் அழுந்தவே மறுக்கும். பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வைத்த வீடுகளில் முதல் வேலையாக அந்தத் துண்டை உடைத்துவிடுவார்கள். பிறகு மனம் மாறினால், உடைத்த பள்ளத்தின் மேல் ஒரு செலோ டேப் ஒட்டினால் போதும், ரிக்கார்டர் ஏமாந்துவிடும். இங்கே தடுத்தது கேசட் அல்ல, ரிக்கார்டர்தான். பள்ளத்தைத் தடவிப் பார்க்கும் ஒரு சின்ன நெம்புகோல் அதற்குள் இருந்தது. அந்த நெம்புகோல் இல்லாத ரிக்கார்டராக இருந்தால் பாட்டியின் தாலாட்டு போனதுதான்.

கல்யாண போட்டோகிராபர்கள் கையில் வைத்திருக்கும் பெரிய எஸ்.டி. கார்டிலும் இதே கதைதான். அதன் ஓரத்தில் 'லாக்' என்று போட்டு, மேலும் கீழும் நகரும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் கார்டு பூட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில், கார்டுக்குள் இருக்கும் சர்க்யூட்டுக்கு அந்தத் துண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது. கார்டைச் சொருகும் ரீடர்தான் அதைத் தொட்டுப் பார்த்து, 'ஓ, எழுதக் கூடாதாம்' என்று மரியாதை கொடுக்கிறது. மரியாதை தெரியாத ரீடர் எழுதிவிட்டுப் போய்விடும். கதவில் 'உள்ளே வராதீர்கள்' என்று அட்டை மாட்டிவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் தூங்குவது மாதிரி. போனில் போடும் சின்ன கார்டில் அந்த அட்டைகூடக் கிடையாது.

பூட்டு ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையே உள்ளே இருக்கும் லீவர்களில்தான் இருக்கிறது. சாவி உள்ளே போய் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்றே ஒன்று கொஞ்சம் கூடக்குறைய நின்றாலும் பூட்டு திறக்காது. வந்திருப்பவர் சரியான ஆளா என்பதைப் பூட்டே தனக்குள் சோதித்துப் பார்க்கிறது. வருபவரின் நல்ல குணத்தை அது நம்புவதில்லை.

சில பென் டிரைவ்களில் இப்படி நிஜமான பூட்டு உண்டு. பக்கவாட்டில் உள்ள சுவிட்சைத் தள்ளினால், பென் டிரைவுக்குள் இருக்கும் சிப்பே 'எழுத மாட்டேன்' என்று மறுத்துவிடும். எந்த கம்ப்யூட்டரில் சொருகினாலும் அதன் பதில் அதேதான். சாதாரண பென் டிரைவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகினால், நீங்கள் எதையும் செய்யாமலே அது சில சமயம் தனக்கென்று ஒரு மறைவான ஃபோல்டரை உருவாக்கி வைத்துவிடும். இந்தச் சுவிட்ச் இருந்தால் அதுவும் நடக்காது. இப்படிப்பட்ட பென் டிரைவ்கள் கடைகளில் அரிதாகத்தான் கிடைக்கின்றன என்பது வருத்தமான விஷயம்.

சரி, சிப்பே இல்லாத ஒரு யு.எஸ்.பி. சாதனமாக இருந்தால் எப்படிப் பூட்டுவது?

சிப் இல்லாமல் சாதனமா என்று கேட்கலாம். உண்டு. நாகல் நகரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான், அவனுடைய லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கிறது. அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கான பில் போடும் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வீட்டில் காசு இல்லை. மகன் என்ன செய்வான்? லினக்ஸுக்குள்ளேயே 'கியூஎமு' என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் ஒரு முழு கம்ப்யூட்டரைப் பொய்யாக உருவாக்கி, அந்தப் பொய் கம்ப்யூட்டரில் விண்டோஸை ஓட்டுவான். பிரான்ஸைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார் 2003-ல் தொடங்கிய சாஃப்ட்வேர் இது. உலகம் முழுக்கப் பல கிளவுட் நிறுவனங்களின் சர்வர்களுக்குள்ளும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொய் கம்ப்யூட்டருக்குள் ஓடும் விண்டோஸை 'விருந்தாளி' என்பார்கள். லினக்ஸ் வீட்டுக்காரர். விருந்தாளிக்குத் தான் பொய் கம்ப்யூட்டரில் இருப்பது தெரியாது. பொய் ஹார்டு டிஸ்க், பொய் மௌஸ், பொய் யு.எஸ்.பி. போர்ட் எல்லாமே அதற்கு நிஜம். லினக்ஸில் இருக்கும் பில் ஃபோல்டரை விருந்தாளிக்குக் காட்ட வேண்டுமென்றால், அந்த போர்ட்டில் ஒரு பொய் போனைச் சொருகினால் போதும். விண்டோஸும் 'புதிய சாதனம் வந்திருக்கிறது' என்று மணியடித்து அதைத் திறந்து காட்டும்.

ஏன் பென் டிரைவாக இல்லாமல் போனாக நடிக்க வேண்டும்? அங்கேதான் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. பென் டிரைவைச் சொருகினால் கம்ப்யூட்டர் அதை முழுசாகக் கையில் எடுத்துக்கொள்ளும். எந்தப் பெட்டியில் எந்த ஃபைல் என்ற கணக்குப் புத்தகத்தையும் அதுவே எழுதும். ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களைக் கம்ப்யூட்டரில் இணைத்ததும் மெமரி கார்டு போனிலிருந்து காணாமல்போய், கேலரி காலியாகத் தெரிந்தது இதனால்தான். கியூஎமுவிலும் ஒரு ஃபோல்டரை டிஸ்க் மாதிரிக் காட்டும் வசதி உண்டு. அதில் எழுத அனுமதித்தால், வீட்டுக்காரர் அந்த ஃபோல்டரில் அதே நேரத்தில் கை வைக்கவே கூடாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

இந்தத் தலைவலிக்கு வந்த மருந்துதான் எம்.டி.பி. கேமராக்களுக்காக உருவான ஒரு பழைய முறையை நீட்டி, மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. 2008-ல் யு.எஸ்.பி. அமைப்பின் தர விதியாக ஆனது. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-விலிருந்து போன்கள் இதற்கு மாறத் தொடங்கின. இதில் கணக்குப் புத்தகத்தை யாரிடமும் கொடுப்பதில்லை. ரேஷன் கடை மாதிரிதான். வாடிக்கையாளர் கவுன்டருக்கு வெளியே நின்று 'அந்த ஃபைலைக் கொடு', 'இதை உள்ளே வை', 'அதை அழி' என்று கேட்க வேண்டும். உள்ளே போய் எடுப்பதும் வைப்பதும் போனின் வேலை. அதாவது, 'முடியாது' என்று சொல்ல உள்ளே ஓர் ஆள் எப்போதும் நிற்கிறார்.

'நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும்' என்பார்கள் ஊரில். போன் வேஷம் போட்டால், எம்.டி.பி. விதிப்புத்தகத்தில் ஒரு போன் என்னென்ன கேள்விக்கு என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதோ, அதையெல்லாம் சொல்லியாக வேண்டும். கியூஎமுவில் இந்த வேஷம் 2014-ல் வந்தது. அப்போது அது பாதிக் குரைப்புதான். விருந்தாளி ஃபைல்களைப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், அதோடு சரி. உள்ளே எதையும் வைக்க முடியாது. எழுதுவதற்கான கட்டளைகளே அதற்குத் தெரியாது என்பதால் பூட்டே தேவைப்படவில்லை. கதவே இல்லாத சுவரில் யார் பூட்டு மாட்டுவார்கள்?

2018-ல் ரெட் ஹாட் நிறுவனத்தின் பொறியாளர் பந்தன் தாஸ் அந்தச் சுவரில் கதவு வைத்தார். எழுதும் வசதியும் அழிக்கும் வசதியும் வந்தன. கதவு வந்ததும்தான் வேலை பெருகியது.

எம்.டி.பி.யில் எழுதுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. லாரி புக்கிங் ஆபீஸில் சரக்குப் போடுவது மாதிரி. மூட்டையை இறக்குவதற்கு முன்பே 'என்ன சரக்கு, எத்தனை கிலோ, எந்த ஊருக்கு' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விருந்தாளி முதலில் 'இந்தப் பெயரில், இவ்வளவு பெரிய ஃபைலை, இந்த ஃபோல்டரில் வைக்கப்போகிறேன்' என்று அறிவிக்கும். சம்மதம் கிடைத்த பிறகுதான் சரக்கு வரும். பூட்டு நிற்க வேண்டிய இடம் இந்த முதல் கட்டம். இந்தச் சேமிப்பிடம் 'படிக்க மட்டும்' என்று இருக்கிறதா? அப்படியானால் அங்கேயே மறுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கேட்ட ஃபோல்டர் உண்மையிலேயே இருக்கிறதா? சரக்கை முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு பிறகு 'முடியாது' என்பதில் யாருக்கும் லாபமில்லை.

அழிப்பதற்குத் தனிப் பூட்டு வேண்டும். எம்.டி.பி.யில் ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சொன்னால் உள்ளே இருக்கும் அத்தனையையும் அழி என்று பொருள். ஒரே கட்டளையில் பத்து வருட பில்களும் போய்விடும். எழுதும் கதவில் பூட்டு மாட்டிவிட்டு, அழிக்கும் கதவை மறந்தால் கதை முடிந்தது. ஆகவே அங்கேயும் அதே சோதனை. அனுமதி இருந்து அழிக்கும்போதும் ஒரு நேர்மை வேண்டியிருக்கிறது. ஒரு ஃபோல்டரில் இருபது ஃபைல் இருந்து, பதினெட்டை அழித்து, இரண்டு அழிய மறுத்தால், 'வேலை முடிந்தது' என்று சொல்லக் கூடாது. 'பாதிதான் அழிந்தது' என்று சொல்வதற்கென்றே விதிப்புத்தகத்தில் ஒரு பதில் இருக்கிறது. டிஸ்க் நிறைந்து, எழுதுவது நடுவில் நின்றாலும் அதற்கென ஒரு பதில் உண்டு. பொய் போன் இந்தப் பதில்களைச் சரியாகச் சொன்னால்தான் விருந்தாளியும் திரையில் சரியான செய்தியைக் காட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இணைந்தவுடனேயே 'நான் படிக்க மட்டும்' என்று போன் அறிவிக்கவும் வழியுண்டு. நல்ல விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு எழுத முயற்சியே செய்யாது. கேசட்டின் பள்ளமும் எஸ்.டி. கார்டின் 'லாக்'கும் போலத்தான் இது. அறிவிப்பு நல்லவர்களுக்கு. எதையும் மதிக்காமல் நேரடியாக எழுதும் கட்டளையை அனுப்பும் வைரஸுக்கு, கட்டளை வந்து சேரும் இடத்திலேயே சோதனை இருக்க வேண்டும். கியூஎமுவில் இரண்டும் இருக்கின்றன. இன்னும் பாராட்ட வேண்டிய விஷயம், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 'படிக்க மட்டும்' என்றே எடுத்துக்கொள்கிறது. எழுத விட வேண்டுமானால் வீட்டுக்காரர் தன் கையால் மாற்ற வேண்டும். வீட்டை விட்டு வெளியே வரும்போது இழுத்தாலே பூட்டிக்கொள்ளும் கதவு மாதிரி.

எழுதும் கதவு திறந்ததும் எதிர்பாராத இடத்திலிருந்து காற்று வந்தது. ஃபைலுக்குப் பெயர் வைப்பது விருந்தாளிதானே? பெயருக்குப் பதிலாக 'ஒரு படி மேலே போ, இன்னொரு படி மேலே போ, அங்கே இருக்கும் ஃபைல்' என்று வழியையே பெயராக எழுதிக் கொடுத்தால்? லினக்ஸில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால் 'மேல் ஃபோல்டருக்குப் போ' என்று அர்த்தம். பொய் போன் அந்தப் பெயரை அப்படியே நம்பி, பகிர்ந்த ஃபோல்டரைத் தாண்டி வீட்டுக்காரரின் மற்ற ஃபைல்கள் மேலேயே எழுதிவிடும் அபாயம் இருந்தது. திண்ணையில் உட்காரச் சொன்ன விருந்தாளி, கொல்லை வழியாகப் பூஜை அறைக்குள் வந்துவிட்ட மாதிரி. சி.வி.இ. 2018-16867 என்ற எண்ணில் இந்த ஓட்டை பதிவானது. அதற்குப் போட்ட தையல் மிகச் சின்னது. பெயரில் சாய்கோடு இருந்தால் அந்தப் பெயரையே ஏற்காதே. 2018 டிசம்பரில் வந்த கியூஎமு 3.1-ல் இது அடைபட்டது. ஃபோல்டரை எழுதும் வசதியோடு பகிர்ந்திருந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. 'படிக்க மட்டும்' என்று விட்டிருந்தவர்களை இது தொடவில்லை.

ஆனால், அதே ஆண்டில் பதிவான இன்னோர் ஓட்டை, 'படிக்க மட்டும்' என்பதை நம்பி நிம்மதியாகத் தூங்குபவர்களை எழுப்ப வேண்டியது. பொய் போன் ஒரு ஃபைலைப் பார்த்து 'சாதாரண ஃபைல்தான்' என்று குறித்துக்கொள்கிறது. சிறிது நேரம் கழித்து அதைத் திறக்கிறது. இந்த இடைவெளியில், அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமையுள்ள வேறொருவர் அந்த ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் வேறெங்கோ போகும் ஒரு குறுக்குவழியை வைத்துவிட்டால்? திறக்கும்போது வெளியே இருக்கும் ரகசிய ஃபைல் திறந்துகொள்ளும். தட்டில் வைத்தது மைசூர்பாகு என்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தட்டையே மாற்றிவிடும் வித்தை. இங்கே யாரும் பொய் போன் வழியாக எதையும் எழுதவில்லை, படிக்க மட்டும்தான் செய்தார்கள். திறக்கும்போது 'குறுக்குவழியாக இருந்தால் பின்தொடராதே' என்று லினக்ஸிடம் சொல்லி இதையும் அடைத்தார்கள்.

ஓட்டை என்று சொல்ல முடியாத, ஆனால் நடைமுறையில் கடிக்கிற ஒரு குறையும் இருந்தது. முதலில் வந்த வடிவம், வரும் ஃபைல் முழுவதையும் மெமரியில் சேர்த்துவைத்து, கடைசி மூட்டை வந்த பிறகே டிஸ்க்கில் எழுதியது. பில்லுக்கு அது போதும். கல்யாண வீடியோவை அனுப்பினால் லேப்டாப் மூச்சுத் திணறும். 2019-ல் அதைத் துண்டு துண்டாக வாங்கி அவ்வப்போது எழுதும்படி மாற்றினார்கள்.

இப்போது ஜெராக்ஸ் கடையில் நீட்டிய நிஜ போனுக்கு வருவோம். ஒரு பொய் போனுக்கு இவ்வளவு பூட்டு மாட்டியிருக்கிறார்கள். நிஜ ஆண்ட்ராய்டு போனில் 'படிக்க மட்டும்' என்ற பொத்தான் எங்கே? கேபிளைச் சொருகியதும் வரும் பட்டியலைப் பாருங்கள். 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' இருக்கும். படங்களுக்கான 'பி.டி.பி.' இருக்கும். 'டேட்டா பரிமாற்றம் வேண்டாம்' என்று ஒன்று இருக்கும். படிக்க மட்டும் விடும் வாய்ப்பு அதில் இல்லை. ஒன்று, எல்லாவற்றையும் திறந்து விட வேண்டும். இல்லையென்றால் மூடிவிட வேண்டும். இத்தனை கோடி பேர் கையில் இருக்கும் சாதனத்தில் இந்தச் சின்ன வசதி இல்லாதது சரியே அல்ல.

ஆறுதலாக ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 6.0-விலிருந்து, சொருகியவுடன் போன் சார்ஜ் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும். லாக்கை எடுத்து நீங்களாகத் தொட்டால்தான் ஃபைல்கள் தெரியும். பொது இடங்களில் சார்ஜ் போடும்போது டேட்டா திருடப்படலாம் என்று ரிசர்வ் வங்கியின் மோசடி விழிப்புணர்வுக் கையேடும் எச்சரிக்கிறது. ஆகவே, சார்ஜுக்காக மட்டும் சொருகும் இடத்தில் திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் அதற்குச் சம்மதம் கொடுக்காமல் விட்டுவிடுங்கள்.

பிரின்ட் எடுக்க வேண்டியிருந்தால், போனைச் சொருகாமல் அந்த ஒரு ஃபைலை மட்டும் கடையின் ஈ-மெயிலுக்கு அனுப்பலாம். அதற்கும் வழியில்லாத கடையென்றால், கேட்ட ஃபைலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு பழைய பென் டிரைவை அதற்கென்றே கைப்பையில் போட்டு வைக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வேறு எதிலும் சொருகுவதற்கு முன் ஃபார்மட் செய்துவிடுங்கள். மார்க் ஷீட்டின் அசல் பிரதி போனில் பத்திரமாக இருக்கும்.